தாடி ஐரிஸ் நாற்றுகளைப் பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

விதையிலிருந்து தாடி ஐரிஸ் (தொங்கும் இதழ்களில் தாடி போல மென்மயிர் வரிசை கொண்ட பூச்செடி) வளர்க்கும் ஒருவர், தம் நாற்றுகள் முதன்முறையாகப் பூக்கும் நேரத்தில் வந்து பார்க்கும்படி உங்களை அழைத்திருக்கிறார் என்றும், பெயர் சூட்டிக் கடையில் விற்கும் வகைகளை மட்டுமே வளர்த்துப் பழகிய உங்களுக்கு அங்கே எதைக் கவனிப்பது, என்ன கேட்பது, என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பூவைக் கடைசியாகப் பாருங்கள். சொல்ல எளிது, அங்கே போய் நின்றால் கண் கேட்காது. முதன்முறை போனபோது என் கண்ணும் கேட்கவில்லை. அதனால் ஒரு நல்ல செடி வீணாகப் போனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒவ்வொரு வசந்தத்திலும் போய்ப் பார்க்கும் தோட்டம், என்னைப் போலவே ஐரிஸ் பித்துப் பிடித்த, ஆனால் என்னைவிட இருபது ஆண்டுகள் கூடுதலாக மண்ணில் கை வைத்த ஒருவருடையது. அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். ஆண்டுக்கு ஏழெட்டுக் கலப்புகள் செய்வார்; அவற்றிலிருந்து இருநூறு, முந்நூறு நாற்றுகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றில் அடுத்த ஆண்டும் இடம் பிடிப்பவை பத்துப் பதினைந்துதான். மற்றவை எல்லாம் எருக்குழிக்குப் போகும். இதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொண்டு போவது நல்லது. நீங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் பூவின் அடியிலேயே உங்கள் நண்பர் மண்வெட்டியை இறக்கக்கூடும்.

பெயர் சூட்டிய வகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாற்றுப் பாத்தி முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். கடையில் வாங்கும் வகை எதுவானாலும் அது எங்கோ ஒரு காலத்தில் பூத்த ஒரே ஒரு நாற்றின் கிழங்கைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியதாகும். எத்தனை தோட்டங்களில் இருந்தாலும் அது ஒரே செடிதான். விதையின் கதை வேறு. ஒரே காயில் விளைந்த நாற்பது விதைகள் முளைத்தால் நாற்பது வெவ்வேறு செடிகள் நிற்கும். தாயின் சாயலே இல்லாத பிள்ளைகளும், பாட்டியை உரித்து வைத்த பிள்ளைகளும் அருகருகே பூக்கும். ஆகவே அங்கே ஒரு செடியை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், ஒரு கலப்பில் பிறந்த உடன்பிறப்புகள் அனைத்தையும் சேர்த்துப் பாருங்கள். வரிசை முழுவதும் தண்டு வளைந்து கிடந்தால் குறை அந்த ஒரு செடியுடையது அல்ல, பெற்றோரிடமிருந்து வந்தது. ஒன்று மட்டும் வளைந்தால் அது அதன் சொந்தக் கோளாறு. தனியாக ஒரு பூவைப் பறித்து நீட்டினால் இந்தச் செய்தி கிடைக்காது.

இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கு ஒரு காரணம், இன்றைய உயரமான தாடி ஐரிஸ்களில் ஏறக்குறைய எல்லாமே நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை, அதாவது மொத்தம் 48. பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த ஐரிஸ் பல்லிடா, ஐரிஸ் வேரியகேட்டா ஆகிய இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் இருந்தவை 24 மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஐரிஸ் வளர்ப்பாளர் மைக்கேல் ஃபாஸ்டர் மேற்காசியாவிலிருந்து வரவழைத்த பெரிய பூக்கள் கொண்ட செடிகள் கலந்த பிறகுதான் 48 குரோமோசோம் வரிசை தோட்டங்களில் வேரூன்றியது. நான்கு தொகுதிகள் என்றால் கணக்கு கடினமாகிவிடும். இளஞ்சிவப்பு நிறத்தையும் ஆரஞ்சுத் தாடியையும் தரும் ஒடுங்கு பண்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பிரதிகளும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும். இரண்டு பிரதிகளை மறைத்து வைத்திருக்கும் இரு செடிகளைக் கலந்தால் சராசரியாக 36 நாற்றுகளுக்கு ஒன்றுதான் அந்த நிறத்தில் பூக்கும். இரண்டு தொகுதிச் செடிகளாக இருந்தால் நான்குக்கு ஒன்று கிடைத்திருக்கும். முப்பது விதைகள் விதைத்து ஒன்றுகூட இளஞ்சிவப்பாக வரவில்லை என்று உங்கள் நண்பர் சொன்னால் அவருக்கு ஆறுதல் தேவையில்லை. அது கணக்கின்படிதான் நடந்திருக்கிறது. (அந்த நிறத்துக்குக் காரணமான லைகோபீன் தக்காளியைச் சிவக்க வைக்கும் அதே நிறமிதான் என்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகவே இருக்கிறது.)

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப் போகும் பூ குறைந்தது மூன்றாவது வசந்தத்தின் பூ. ஒரு வசந்தத்தில் மகரந்தம் தொட்டு வைத்தால், காய் முற்றி நுனி பிளக்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். இலையுதிர் காலத்தில் விதைத்தால், குளிரும் ஈரமும் பட்டு உறக்கம் கலைந்து, அடுத்த வசந்தத்தில் புல் போல முளைக்கும். சில விதைகள் அதற்கும் அடுத்த ஆண்டுவரை மண்ணுக்குள் படுத்தேயிருக்கும். முளைத்தவற்றைப் பிடுங்கி வரிசையில் நட்டு வளர்த்தால் அதற்கடுத்த வசந்தத்தில் பலவும் பூக்கும், சோம்பேறிகள் இன்னுமோர் ஆண்டு எடுத்துக்கொள்ளும். இத்தனை காத்திருப்புக்குப் பிறகு ஒருவர் உங்களை அழைக்கிறார் என்றால், பூ எப்படியிருந்தாலும் அவரிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

நான் அவசரப்பட்டேன். முதல் முறை போன அன்று, 19-07-3 என்ற சீட்டுடன் ஒரு செடி நின்றது. 2019-இல் செய்த ஏழாவது கலப்பின் மூன்றாம் நாற்று என்று அதற்குப் பொருள். நிமிர்ந்த இதழ்கள் மூன்றும் புகை படிந்த பாதாமி நிறம், தொங்கும் இதழ்கள் மூன்றும் கருந்திராட்சை நிறம், அவற்றைச் சுற்றி நகத்தால் கீறியது போன்ற மெல்லிய பொன் விளிம்பு, தாடி செங்காவி. அதைவிட்டு நான் நகரவேயில்லை. "அக்கா, இதை மட்டும் விட்டுடாதீங்க" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டு, "குனிஞ்சு அடியைப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. அந்தப் பாத்தியில் இடம் குறைவாக இருந்தது. என் ஆர்ப்பாட்டத்துக்காக அதை விட்டுவைத்து, பக்கத்தில் நின்ற 19-07-9 என்ற, வெளிறிய நீல நிறத்தில் சாதுவாகப் பூத்த உடன்பிறப்பை எடுத்துவிட்டார். மறு வசந்தம் போனபோது 19-07-3 இருந்த இடத்தில் சீட்டு மட்டும் இருந்தது.

ஐரிஸ் கிழங்கு வளரும் முறை தெரிந்திருந்தால் இது நடக்கும் என்று நானே சொல்லியிருக்கலாம். கிழங்கின் நுனியிலுள்ள வளர்முனைதான் பூத்தண்டாக மாறுகிறது; ஆகவே ஒருமுறை பூத்த கிழங்கு மறுமுறை பூக்காது. அதன் பக்கவாட்டில் கிளைக்கும் புதிய விசிறிகள்தான், அதாவது விசிறி போல் விரியும் இலைக்கொத்துகள்தான், அடுத்த ஆண்டுப் பூவைத் தரும். 19-07-3-க்கு இரண்டே விசிறிகள். இரண்டிலும் தண்டு ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு புதுக்குருத்துகூட இல்லை. இருந்த சொத்தையெல்லாம் ஒரே விருந்தில் செலவழித்துவிட்டுச் செத்துப்போன செடி அது. எடுத்தெறியப்பட்ட 19-07-9-இன் அடியில் ஐந்து குருத்துகள் இருந்ததாக அக்காவின் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அதை அவர் எனக்குக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு செடியின் முன்னும் முதலில் குனிகிறேன். ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயில் படும்படி மண்ணின் மேலேயே இருப்பதால் எதையும் தோண்டாமலே பார்க்கலாம். பூத்த விசிறியைச் சுற்றி எத்தனை குருத்துகள் என்று எண்ணுங்கள்: ஒன்றும் இல்லையென்றால் பூ எதுவாயினும் கவலைக்கிடம், மூன்று நான்கு என்றால் நிம்மதி. பிறகு இலைகள். மழைக்குப் பின் பூஞ்சையால் வரும் பழுப்புப் புள்ளிகள் எல்லாச் செடிகளிலும் கொஞ்சம் இருக்கும்; ஆனால் ஒரே வரிசையில், ஒரே மழையில் நனைந்து, ஒன்று சுத்தமாகவும் அடுத்தது நுனிவரை கருகியும் நின்றால் அந்த வேறுபாடு உங்களுக்கு வேண்டிய தகவல். விசிறியின் அடி நெகிழ்ந்து சாய்ந்திருந்து, குனிந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் அது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

அடுத்துத் தண்டு. பூ ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று நாட்களுக்கு மேல் நிற்காது என்பதால், ஒரு செடி எத்தனை நாள் தோட்டத்தை அலங்கரிக்கும் என்பதை முடிவு செய்வது மொட்டுகளின் எண்ணிக்கைதான். உச்சியில் மூன்று, இரண்டு கிளைகளில் இரண்டிரண்டு என்று ஏழு மொட்டுகள் இருந்தால் இரண்டு வாரம் கண்டிப்பாக ஓடும். நான்கு மொட்டுகள், அவையும் உச்சியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு என்றால் ஒரு வாரத்தில் கதை முடிந்தது. தவிர ஒரு பூ விரியும்போது இன்னொன்றின் முகத்தில் இடித்து இரண்டும் கசங்கும். பாளையை விரலால் மெல்ல ஒதுக்கினால் உள்ளே இன்னொரு மொட்டு ஒளிந்திருக்கும், அதையும் எண்ண வேண்டும். இதை மட்டும் உங்கள் நண்பரையே செய்து காட்டச் சொல்லுங்கள். முதல் தடவையில் மொட்டை ஒடித்துவிடுவது மிக எளிது. கிளைகள் தண்டை ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். தண்டுக்கு முட்டுக்கொம்பு கட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சிலர் வழக்கமாகவே எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். நாற்றைச் சோதிக்கிறவர்கள் வேண்டுமென்றே கட்டாமல் விடுவார்கள், காற்றடித்தபின் எது நிமிர்ந்து நிற்கிறது என்று தெரிய வேண்டுமே.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். 70 செண்டிமீட்டரும் அதற்கு மேலும் வளர்பவை உயரமான வகை, 20 வரை மிகக் குட்டை, 20 முதல் 41 வரை குட்டை, இடைப்பட்டவை மூன்று பிரிவாகப் பிரியும். குட்டைகள் முதலில் பூத்து முடிந்த பிறகே உயரமானவை தொடங்கும் என்பதால் எந்தப் பிரிவின் நாற்றுகளுக்காக அழைக்கிறார் என்று கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள். உயரமான செடியில் கை அகலப் பூ அழகு. அதே பூ குட்டைத் தண்டில் உட்கார்ந்தால் குழந்தை தாத்தாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டது போலிருக்கும். பூவின் அளவைத் தண்டோடு சேர்த்தே எடைபோடுங்கள்.

இப்போது பூ. நிறத்தைப் பார்க்காமல் இருக்கச் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதை அன்று விரிந்த பூவில் மட்டும் பார்க்காதீர்கள். அதே தண்டில் மூன்றாம் நாளைக் கடக்கும் பூ ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். காலையில் ஆழ்ந்த ஊதாவாக இருந்தது மறுநாள் வெயிலில் வெளுத்துத் துணி துவைத்த தண்ணீர் போலாகிவிடுவதுண்டு. இதழின் கனம் அப்போதுதான் தெரியும்: கனமான இதழ் வாடும் நாள்வரை வடிவத்தை விடாது, மெல்லியது முதல் மதியத்திலேயே ஓரம் சுருளும். நிமிர்ந்த இதழ்கள் ஒன்றையொன்று தாங்கிக் குவிந்து நிற்கின்றனவா, அல்லது விரிந்து விழுந்து உள்ளே மழை நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். தொங்கும் இதழின் கழுத்து, அதாவது தாடிக்கு இருபுறமும் உள்ள இடம், அகலமாக இருக்கிறதா, கிள்ளியெடுத்தது போல் குறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஓடும் பழுப்பு வரிகள் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பழைய காட்டு இனங்களின் கையெழுத்து அது. இந்த விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

சிவப்பு என்று யாராவது சொன்னால் அருகில் போய்ப் பாருங்கள். தாடி ஐரிஸில் தீயணைப்பு வண்டிச் சிவப்பு இதுவரை இல்லை. ஊதா நிறமியும் மஞ்சள் நிறமியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து செம்பழுப்பாகத் தெரிவதைத்தான் நாம் சிவப்பு என்கிறோம். நீலமும் ஊதாவும் கேமராவில் பெரும்பாலும் மாறிப்போகும், ஆகவே படத்தை நம்பாமல் நிறத்தைச் சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். முகர்ந்தும் பாருங்கள். ஐரிஸ் பல்லிடாவின் வழிவந்தவற்றில் திராட்சைச்சாறு மணம் சில சமயம் அப்படியே இருக்கும்.

இதுவரை சொன்னபடி பார்த்தால் அழகற்ற நாற்று, வலுவற்ற நாற்று எல்லாமே எருக்குழிக்குத்தான் என்று தோன்றும். எப்போதும் அப்படியல்ல, அதனால்தான் "இதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்பது நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே சிறந்தது. அமெரிக்க ஐரிஸ் வளர்ப்பாளரான பால் குக், ஐரிஸ் ரைஷன்பாக்கி என்ற சின்னஞ்சிறு காட்டு இனத்தை உயரமான நீல ஐரிஸ் ஒன்றுடன் கலந்தபோது வந்த ஒரு நாற்றைப் பாதுகாத்தார். பார்வைக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத நடுத்தர உயரச் செடி அது. ‘ப்ரோஜெனிட்டர்’, அதாவது மூதாதை என்று பொருத்தமாகவே பெயரிட்டார். வெளிர் நிமிர்ந்த இதழும் நிறமேறிய தொங்கு இதழும் கொண்ட அமைப்பு அதுவரை ஒடுங்கு பண்பாகவே கிடைத்து வந்தது. இந்தச் செடியோ அதை ஓங்கு பண்பாக, மறையாமல் வெளியே தெரியும்படி, பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதன் வழித்தோன்றலான ‘ஹோல் கிளாத்’ 1962-இல் டைக்ஸ் பதக்கம் பெற்றது. ஐரிஸ்களுக்கான மிக உயர்ந்த விருது அது. 1913-இல் ஐரிஸ் பேரினத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய டபிள்யூ. ஆர். டைக்ஸ் நினைவாக ஏற்பட்டது. உங்கள் நண்பரின் பாத்தியில் நிற்கும் நோஞ்சானும் எதற்கோ தாயாகக் காத்திருக்கலாம்.

கேட்கக்கூடிய மற்றவை: பெற்றோர் யார், எதை எதிர்பார்த்து அவற்றைக் கலந்தார், எதிர்பார்த்தது வந்ததா? பெற்றோரைக் குறிக்கும்போது காய் தாங்கிய செடியின் பெயர் முதலிலும், மகரந்தம் தந்ததன் பெயர் இரண்டாவதாகவும் வரும். முடிந்தால் ஒரு கலப்பை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். அக்கா செய்வதை நான் மூக்கு உரசும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். காலையில், தேனீக்கள் வருவதற்கு முன், பூவின் நடுவிலிருந்து வளைந்து நிற்கும் சூல்தண்டுக் கிளையின் அடியிலிருந்து மகரந்தப் பையை இடுக்கியால் நறுக்கென்று பிடுங்குவார். மாவு பூத்தது போலிருக்கும் அதை, இன்னொரு பூவில் அதே கிளையின் நுனிக்குக் கீழே உதடு போல் மடிந்திருக்கும் சூல்முடியின் மீது தேய்ப்பார். மொத்தம் மூன்று உதடுகள், மூன்றிலும் தேய்ப்பார். பிறகு தொங்கும் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிடுவார். தேனீ வந்து உட்கார மேடை இருக்கக்கூடாதல்லவா. காம்பில் சீட்டைக் கட்டியதும் வேலை முடிந்தது, ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தச் சீட்டுகள் காரணமாகவே பாத்திக்குள் நடக்கும்போது தளர்ந்த உடையும் தோளில் தொங்கும் பையும் வேண்டாம். ஒரு சீட்டு அறுந்தால் ஒரு கலப்பின் வரலாறே போயிற்று. கேட்காமல் மகரந்தம் எடுப்பது திருட்டு என்றே கொள்ளப்படும். படம் எடுக்கலாமா என்பதோடு அதை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். நாற்று எண்ணால் மட்டுமே அறியப்படும் வரை அது வளர்ப்பவரின் சொந்த விஷயம். பெயர் சூட்டி, 1920-இல் தொடங்கிய அமெரிக்க ஐரிஸ் கழகத்தில் பதிவு செய்த பிறகே அது ஊரறிந்த வகையாகிறது. கிழங்குள்ள தாடி ஐரிஸ்களுக்கு உலகம் முழுவதற்குமான பதிவேடு அங்கேதான் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும்படி அவரே ஒரு துண்டுக் கிழங்கைக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை யாருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நடுவே ஆல்கஹாலால் துடைப்பது அவர் வழக்கமாக இல்லாவிட்டாலும் உங்கள் வழக்கமாக இருக்கட்டும், மென்னழுகல் அப்படித்தான் பயணம் செய்கிறது.

என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "எல்லாமே அழகு" என்று சொல்லாதீர்கள், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. தேர்ந்தெடுப்பதுதான் அவருடைய தலைவலியே. "இது கடையில் விற்கும் ஒரு வகை போலவே இருக்கிறதே" என்பதை உண்மையாக இருந்தால் சொல்லலாம், தயக்கத்தோடு. அதைக் கேட்டு முகம் சுளித்தாலும் குறித்துக்கொள்வார். அக்கா என்னிடம் இப்போதெல்லாம் கருத்தே கேட்பதில்லை. ஒரு சீட்டையும் பென்சிலையும் கையில் கொடுத்து, வரிசை முழுவதும் நடந்துவிட்டு மூன்று எண்களை மட்டும் எழுதித் தரச் சொல்கிறார். அதைப் படிக்காமல் மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டு, மறு வசந்தத்தில், இரண்டாம் பூப்பு முடிந்தபின் தம் தேர்வோடு ஒப்பிடுகிறார். சென்ற முறை என் மூன்றில் இரண்டு எருக்குழிக்குப் போயிருந்தன. மூன்றாவது, வெளிறிய நீலத்தில் சாதுவாகப் பூத்த ஒன்று, அடியில் ஆறு குருத்துகளோடு நின்றது.